இந்தூரில் வெந்த குப்பை

காய்ந்த வறட்டி ஒன்றை அடுப்பில் வைக்கிறீர்கள். அதே அளவு சாணத்தைக் கொல்லையில் சருகோடு கலந்து குவித்து வைக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் நடப்பது அடிப்படையில் ஒரே வினைதான் என்றால் வியப்பாக இருக்கும். இரண்டிலும் கரிமப் பொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகிறது. இரண்டிலும் வெப்பம் பிறக்கிறது. அடுப்பில் சிறிது நேரத்தில் முடிவது குவியலில் மாதக்கணக்கில் நடக்கிறது. ஆனால், அடுப்பிலே தழைச்சத்தின் பெரும் பகுதி புகையோடு போய்விடும். குவியலிலோ அதை நுண்ணுயிர்கள் தம் உடலில் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இந்த இழப்பு பற்றிய கவலை பழையது. 1889-இல் இந்தியாவுக்கு வந்த வேளாண் வேதியியலார் வோல்க்கர், நம் உழவர்கள் சாணத்தின் அருமை தெரியாமல் எரிக்கவில்லை, விறகு கிடைக்காததால்தான் எரிக்கிறார்கள் என்று தம் 1893 அறிக்கையில் தெளிவாக எழுதினார். அப்படியானால் வயலுக்கு உரம் எங்கிருந்து வரும்?

விடை தேடியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-இல் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாராகச் சேர்ந்த ஆங்கிலேயர் இவர். 1924 முதல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சிக் கழகத்தை நடத்தினார். மனைவி கேப்ரியல், வேதியியலார் யஷ்வந்த் வாட் ஆகியோர் அவருடன் உழைத்தனர். கிராமத்து உழவர்களிடம் கற்றதையும், சீன உழவர்களின் எரு முறைகளைப் பற்றி அமெரிக்கரான கிங் 1911-இல் வெளியிட்ட நூலில் படித்ததையும் ஹோவர்டு ஒன்று சேர்த்தார். சாணம் குறைவாகத்தானே இருக்கிறது? அதைத் தனி உரமாக இடாமல், தயிருக்கு உறைமோர் போலப் பயன்படுத்தினால் என்ன என்பதே அவர்களுடைய வழி.

களை, சருகு, கரும்புத் தோகை எதையும் அவர்கள் விடவில்லை. பருத்திமார் கட்டை போல இருக்கும், சீக்கிரம் மக்காது. அதைப் பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டார்கள். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் கூலியில்லாமல் அதை நொறுக்கிக் கொடுத்தன! இவற்றோடு சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய தொழுவ மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு நீர் தெளித்தார்கள். குழி 30 அடி நீளம், 14 அடி அகலம். ஆழம் மட்டும் இரண்டு மூன்று அடிதான். காற்று தானாக ஒன்றரை, இரண்டு அடிக்குமேல் உள்ளே இறங்காது என்று அவர்கள் கண்டிருந்ததே இதற்குக் காரணம். கடப்பாரையால் துளையிட்டும், இரண்டு மூன்று முறை புரட்டிப்போட்டும் காற்று ஊட்டினார்கள். குவியலின் வெப்பம் சுமார் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறியது. அந்தச் சூட்டில் களை விதைகளும் ஈப்புழுக்களும் அழிந்தன. மூன்று மாதத்தில் கருத்த, மண்வாசனை வீசும் எரு கிடைத்தது.

1930-இல் கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்டும் வாட்டும் சேர்ந்து எழுதிய நூல் வந்தது. இந்தூர் முறை என்றால் இன்று ஹோவர்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நூலின் அட்டையிலேயே இருக்கும் வாட்டின் பெயர் விடுபட்டுப்போவது நியாயமல்ல. புரட்டும் வேலையே இல்லாத பெங்களூர் முறையை 1939-இல் ஆச்சார்யா உருவாக்கினார். நகரக் குப்பைக்கு ஏற்ற அந்த முறையில், சில நாள் வெந்த குவியலை மண் பூசி மூடிவிடுவார்கள். மக்குவதற்குத்தான் கூடுதல் காலம் ஆகும்.

"எங்கள் வீட்டில் மாடு இல்லையே" என்பீர்கள். நாலைந்து கோழிகள் இருந்தால் போதும். கோழிக்குத் தனியே சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் யூரிக் அமிலம், தழைச்சத்து நிறைந்தது. அப்படியே செடிக்கு இட்டால் வேர் கருகும். குடல் நோய் தரும் சால்மொனெல்லா கிருமிகளும் அதில் இருக்கக்கூடும். சருகோடு சேர்த்து வேகவைத்தால் இந்த இரண்டு தொல்லைகளும் பெரிதும் குறையும். இந்தூரில் தொடக்கக் கலவையில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரி சுமார் 33 பங்கு. உங்கள் குவியலில் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் எச்சம் மிகுதி, சருகைக் கூட்டுங்கள். சூடே ஏறாவிட்டால் எச்சமோ ஈரமோ போதவில்லை.

அல்லது குவியல் சிறியதாக இருக்கலாம். ஒரு கன சதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகிறது. பரப்போ நாலில் ஒன்றுதான் ஆகிறது. வெப்பம் பிறப்பது கன அளவில், தப்புவது பரப்பின் வழியே. ஆகவே ஒரு பிடி சருகு சூடாவதே இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்குமாறு குவித்து, நாலாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவே செருகிச் சில நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பொறுக்க முடியாத சூடு இருந்தால் குவியல் நன்றாக வேகிறது என்று அர்த்தம்.