யாரிடம் கேட்பது? மதுரை நகர்மன்றத்தில் கேள்வி உரிமை வளர்ந்த வரலாறு

ஆய்வுப் பொருள்

மதுரை மாநகராட்சியின் மன்றக் கூட்டம் தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் கூடுகிறது. அங்கே எழும் கேள்விகளில் பெரும்பாலானவை குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை, சாலை, தெருவிளக்கு என்ற ஐந்துக்குள் அடங்கிவிடும். கவுன்சிலர் எழுந்து தம் வார்டின் குறையைச் சொல்கிறார். மேயர் கேட்டுக்கொள்கிறார். பதிலைக் கமிஷனரோ பொறியாளரோ சொல்கிறார். இல்லையென்றால் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற உறுதியோடு கூட்டம் அடுத்த பொருளுக்குப் போகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், தம்மைப் போலவே தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொருவரைப் பார்த்துக் கேட்கிறார். பதில் வேறோர் இடத்தில் இருக்கிறது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதை 1866 முதல் 2025 வரையிலான மதுரையின் உள்ளாட்சி வரலாற்றில் வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. இந்த ஒன்றரை நூற்றாண்டில் கேள்வி கேட்போரின் வட்டம் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. பதில் சொல்லும் கடமையோ பிரதிநிதியின் கையிலிருந்து அதிகாரியின் கைக்கு மாறியிருக்கிறது. கேட்கும் உரிமையும் சொல்லும் கடமையும் பிரிந்துபோனதுதான் இன்றைய மன்றங்களின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

கலெக்டர் தலைமையில் ஒரு சபை

உள்ளாட்சியைப் பற்றி எழுதுவோர் பலரும் உத்திரமேரூரின் சோழர் காலக் கல்வெட்டில் தொடங்குவர். பாண்டிய நாட்டிலேயே அதற்கு முற்பட்ட சான்று உண்டு. நெல்லைச் சீமையின் மானூரில், பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் அமர்வோருக்கான தகுதிகளை வகுக்கிறது. சபையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் மறுப்புச் சொல்லி வேலையைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. ஆனால் அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை. ஊரில் உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. இன்றைய கவுன்சிலரின் கேள்வி உரிமைக்கு அந்தக் கல்வெட்டை மூலமாகக் காட்ட முடியாது. அதன் வேர் காலனிய ஆட்சியின் நகராட்சிச் சட்டங்களில் இருக்கிறது.

1865ஆம் ஆண்டின் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866 நவம்பர் 1 அன்று மதுரை நகராட்சி அமைந்தது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்திருந்தார். மாசி வீதிகளைத் தாண்டி வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் விரிந்தன. வளர்ந்துவிட்ட நகரத்துக்குச் சாக்கடையும் சாலையும் விளக்கும் தேவைப்பட்டன. அவற்றுக்கு வரி வேண்டியிருந்தது. அந்த வரியைத் தண்ட ஒரு சபை வேண்டியிருந்தது. சபையின் தலைமை கலெக்டரிடம் இருந்தது. உறுப்பினர்களை அரசு நியமித்தது. தம்மை நியமித்த அரசின் அதிகாரியே தலைவராக உட்கார்ந்திருக்கும் சபையில் ஓர் உறுப்பினர் ஆலோசனை சொல்லலாம், மனுக்கொடுக்கலாம். கணக்குக் கேட்பதற்கு அங்கே வழியில்லை.

தலைவரை நோக்கிய கேள்வி

1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம் இந்த நிலையை அசைத்தது. அதைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு வரை தேர்தல் வழியாக வர இடம் தந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் வழி வகுத்தது. வாக்குரிமை வரி கட்டும் சொத்துடையோருக்கு மட்டுமே. ஆனாலும் தலைவர் நாற்காலியில் சக உறுப்பினர் ஒருவர் வந்து அமர முடியும் என்றானது பெரிய மாற்றம்.

கேள்வி கேட்பது ஓர் உரிமை என்ற எண்ணம் அதே காலத்தில் சட்டசபைகளிலும் நுழைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721ஆம் ஆண்டினது. இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம்தான் சட்டசபை உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. பதில் வந்தபின் துணைக்கேள்வி எழுப்ப அது விடவில்லை. 1909இல்தான், மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் ஒரு துணைக்கேள்வி கேட்கலாம் என்றானது. துணைக்கேள்வி இல்லாத இடத்தில், எப்படிப்பட்ட பதிலைச் சொல்லியும் ஒரு கேள்வியை முடித்துவிடலாம். அந்த வாய்ப்பை ஆட்சியாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இடைப்பட்ட 17 ஆண்டுகளே சாட்சி.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், நகர்மன்ற உறுப்பினரின் உரிமைகளைத் தெளிவாக வகுத்தது. நகராட்சிப் பணியில் நேரும் அலட்சியத்தையும், நகராட்சிச் சொத்து வீணாவதையும், ஒரு பகுதியின் தேவையையும் அவர் சுட்டிக்காட்டலாம். நிர்வாகம் குறித்துத் தலைவரிடம் கேள்வி எழுப்பலாம். முன்னறிவிப்புக் கொடுத்து அலுவலக நேரத்தில் ஆவணங்களைப் பார்க்கலாம். சுட்டிக்காட்டல், வினவல், ஆவணத்தைப் பார்த்தல் என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்குபவை. ஆவணத்தைப் பார்க்காமல் கேட்கும் கேள்வி வெறும் குறைகூறலாகப் போய்விடும். கேள்வி கேட்க மேடை இல்லையென்றால் பார்த்த ஆவணத்தால் பயனில்லை.

அன்றைய நகராட்சித் தலைவர் கூட்டத்தை நடத்துபவர் மட்டுமல்லர். நிர்வாகத்தின் பொறுப்பும் அவருடையதே. ஒப்பந்தமும் ஊழியரும் வரிவசூலும் அவர் கையில் இருந்தன. ஆகவே, வடக்கு மாசி வீதிச் சாக்கடை ஏன் தூர்வாரப்படவில்லை என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அதைத் தூர்வாரச் சொல்லவேண்டியவரும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவேண்டியவரும் ஒருவரே. வாக்குரிமை குறுகியிருந்த காலம் அது. ஆயினும் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு நேராகப் போனது.

கமிஷனரின் வருகை

1930களில் செய்யப்பட்ட சட்டத்திருத்தங்கள் இந்த நேர்கோட்டை முறித்தன. பெரிய நகராட்சிகளின் நிர்வாகப் பொறுப்பைத் தலைவரிடமிருந்து எடுத்து, அரசு அமர்த்தும் கமிஷனரிடம் கொடுத்தார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வரி பாக்கி பெருகியது. வேண்டியவருக்கு வேலையும் ஒப்பந்தமும் கொடுக்கிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. தேர்தல் பகை அலுவலகத்துக்குள் புகுந்தது. கட்சி சாராத அதிகாரி ஒருவர் நிர்வாகத்தை நேர் செய்வார் என்று நம்பினார்கள்.

நிர்வாகம் ஓரளவு ஒழுங்குபட்டிருக்கலாம். கேள்வியின் திசை மட்டும் மாறிவிட்டது. மன்றத்துக்குத் தலைவர் இருந்தார். ஆனால் கேட்கப்படும் பொருளின் மீது அவருக்கு நேரடி அதிகாரம் இல்லை. அதிகாரம் கமிஷனரிடம் இருந்தது. அவரை அமர்த்துவதும் மாற்றுவதும் சென்னையிலிருந்த அரசு. உறுப்பினரின் அதிருப்தி அவர் பதவியைத் தொடாது.

1971 மே 1 அன்று மதுரை, சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டின் இரண்டாவது மாநகராட்சியானது. எஸ். முத்து முதல் மேயரானார். 'மதுரை முத்து' என்றே ஊர் அவரை அறிந்திருந்தது. அந்த ஆண்டில் தனியாக இயற்றப்பட்ட மதுரை மாநகராட்சிச் சட்டமும் சென்னையின் வார்ப்பையே பின்பற்றி, நிர்வாக அதிகாரத்தைக் கமிஷனரிடம் வைத்தது. மேயருக்கு அங்கியும் செங்கோலும் முதல் குடிமகன் என்ற மதிப்பும் வந்தன. கேள்விக்கான விடை இருந்த இடம் மாறவில்லை.

வில்லாபுரம், 1997

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக 1996 அக்டோபரில் தமிழ்நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெருக்குழாயில் வரிசையில் நின்ற பெண்கள் மன்றத்தில் உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். குடிநீர்க் கேள்வியின் தன்மையே அதனால் மாறியது. எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்பதைக் கோப்பைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. லீலாவதி. நகரின் தென்பகுதியில், உழைப்பாளிகள் நெருக்கமாக வாழும் வில்லாபுரத்தின் கவுன்சிலர். அங்கே குடிநீர் விலைக்குத்தான் கிடைத்தது. விற்பவர்களின் பிடி இறுகியிருந்தது. மாநகராட்சிக் குழாய் ஏன் இங்கே வரவில்லை என்று அவர் விடாமல் கேட்டார். மன்றத்தில் கேட்டார், அலுவலகத்தில் கேட்டார், மக்களைத் திரட்டியும் கேட்டார். வில்லாபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. 1997 ஏப்ரல் 23 காலை, ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை.

இந்தக் கொலையைத் தனிப்பகை என்று ஒதுக்கிவிட்டு மதுரையின் உள்ளாட்சி வரலாற்றை எழுத முடியாது. ஒரு வார்டில் தண்ணீர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பின்னால் யாருடைய வருமானம் இருக்கிறது என்பதை அது ஊருக்கே காட்டியது. மன்றத்தில் பதில் கட்டாயமாகவும் பதிவாகவும் வரும்போது அந்தக் கேள்வி மன்றத்தின் சொத்தாகிறது. கேட்டவரை அகற்றினாலும் கேள்வி நிற்கும். பதிலுக்கான பொறுப்பு எங்கும் பதியாத இடத்தில், கேள்வியின் முழுப் பாரமும் கேட்டவர் ஒருவர் தலையில் விழுகிறது. லீலாவதி அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்தார்.

சுற்றியுள்ள கிராமங்கள்

நகரத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால், சுற்றியுள்ள சில கிராமங்களில் கேட்கும் இடத்தில் அமரவே முடியவில்லை. லீலாவதி கொல்லப்பட்ட இரண்டே மாதத்தில், 1997 ஜூன் 30 அன்று, மேலூர் அருகே மேலவளவின் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஐவரும் கொல்லப்பட்டனர். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், நாட்டார்மங்கலத்திலும், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான ஊராட்சி அமையவில்லை. 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

கிராமசபை பற்றிய விதி இங்கே கவனிக்கத்தக்கது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் அனைவரும் கிராமசபையின் உறுப்பினர்கள். வரவுசெலவைக் கேட்க யாரும் கவுன்சிலராக இருக்கவேண்டியதில்லை. பதில் சொல்லவேண்டிய ஊராட்சித் தலைவரிடமே நிர்வாக அதிகாரமும் இருக்கிறது. அமைப்பளவில், 1920ஆம் ஆண்டின் நகராட்சித் தலைவருக்கு இருந்த நேரடிப் பொறுப்பைக் கிராமசபை காப்பாற்றி வைத்திருக்கிறது. பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராமசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டபோது, தேர்தலே நடக்க முடியாதிருந்த ஊர் கூட்டத்துக்கான ஊராக அறியப்பட்டது.

மன்றமில்லா ஆண்டுகளும் அதன்பின்னும்

2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்த்து மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. வரி உயர்ந்தது; குழாயும் சாக்கடையும் பின்னால் வரவேண்டியிருந்தன. கேள்விகள் மிக அதிகமாகத் தேவைப்பட்ட அந்தக் காலத்தில்தான் மன்றம் இல்லாமல் போனது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கியது. 2022 மார்ச் வரை அரசு அமர்த்திய தனி அலுவலரே மன்றமாகவும் நிர்வாகமாகவும் இருந்தார். அந்த ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஆள்.

2022 பிப்ரவரி 19 தேர்தலுக்குப்பின் மன்றம் மீண்டும் கூடியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சொத்துவரி விவகாரம் வெடித்தது. சில கட்டடங்களின் வரி முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு காவல்துறை விசாரணைக்குப் போனது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடினார். 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினர். அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். உள்ளாட்சி வரலாற்றுக்கு வேண்டிய செய்தி வேறு: வரிவிதிப்புப் பற்றி மன்றத்தில் கேட்டு, ஆவணத்தைப் பார்த்து, துணைக்கேள்வியால் துளைத்து வெளிக்கொண்டுவரவேண்டிய ஒன்றுக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

வேறு வழிகள்

இது மாற்ற முடியாத அமைப்பன்று. கொல்கத்தாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் அமைச்சரவைபோல் இயங்குகிறார்கள். குடிநீருக்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர் எனப் பொறுப்பு பிரிந்திருக்கிறது. கவுன்சிலர் கேட்கும்போது அந்தத் துறையை நடத்தும் சக கவுன்சிலரே எழுந்து பதில் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பெரும்பாலான மன்றங்களை அமைச்சரவை முறைக்கு மாற்றியபோது, அதன் முடிவுகளை ஆராய்ந்து வினவும் கண்காணிப்புக் குழுக்களையும் கூடவே கட்டாயமாக்கியது. இரண்டு இடங்களிலும் குறைகள் உண்டு. ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் குழப்பமில்லை.

முடிவுரை

கலெக்டரின் சபையில் கேள்விக்கு இடமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் காலத்தில் கேட்டவர்கள் சிலர். பதில் நேரடியாக வந்தது. கமிஷனரின் காலத்தில் கேட்கும் உரிமை பெண்களுக்கும் தலித்துகளுக்கும் குடிசைவாசிகளுக்கும் விரிந்தது. அதே காலத்தில் பதில் மன்றத்தின் பிடியிலிருந்து நழுவியது. எளியவர்கள் கேட்கத் தொடங்கிய வேளையில் பதில் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்பது இந்த வரலாற்றின் வேதனையான முடிவு.

1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023இல்தான் தன் விதிகளோடு நடைமுறைக்கு வந்து, மாநகராட்சிகளுக்கான பழைய தனிச் சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. வார்டு குழுக்களும், வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபைகளும் 2022 முதல் அமைந்துள்ளன. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு கேள்வியும் எழுத்தில் எண்ணிட்டுப் பதியப்பட வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் குடிமகனின் மனுவுக்கு 30 நாள் கெடு வைத்திருப்பதுபோல் கவுன்சிலரின் கேள்விக்கும் மாறாத கெடு வேண்டும். துறை சார்ந்த நிலைக்குழுத் தலைவர் கோப்பைப் படித்துவிட்டு வந்து மன்றத்தில் தாமே பதில் சொல்ல வேண்டும். குறைந்தது ஒரு துணைக்கேள்விக்காவது இடம் தரவேண்டும். கேள்வியும் பதிலும் அடுத்த பகுதி சபையில் படிக்கப்பட வேண்டும். குடிநீருக்காக ஒரு கவுன்சிலரைப் பறிகொடுத்த மதுரை, இவற்றைக் கேட்கும் முதல் நகரமாக இருக்கும் தகுதி உடையது.