கோல்லம் (திரைப்பாத்திரம்)

பீட்டர் ஜாக்சனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் வரும் கணினிவழிப் பாத்திரம். அப்படங்களில் குள்ள இனத்தவரான ஹாபிட்டுகளாக நடிகர்களே நடித்தனர். கேமரா கோணமும் உயரம் குறைந்த மாற்று நடிகர்களும் அவர்களைச் சிறியவர்களாகக் காட்டின. எலும்பும் தோலுமான கோல்லத்துக்கு அந்த வழி போதவில்லை. குரல் கொடுக்க வந்த ஆண்டி செர்கிஸ் உடலோடு சேர்த்தே நடித்துக் காட்டியதால் படப்பிடிப்புத் தளத்துக்கும் வந்தார். ஏற்கெனவே உருவாக்கியிருந்த முகம் அவர் சாயலுக்கு மாற்றப்பட்டது. உடலசைவுகள் பல அவருடைய அசைவுப் பதிவிலிருந்து வந்தவை. முகபாவங்களை அவர் நடிப்பைப் பார்த்து அனிமேஷன் கலைஞர்களே அமைத்தனர். செர்கிஸுக்குக் கிடைத்த புகழில் அவர்களுக்கும் சரிபாதி சேர வேண்டும். ‘தி டூ டவர்ஸ்’ (2002) படத்தில் கோல்லம் தன்னோடு தானே வாதிடும் காட்சியில், கண் சுருங்கி விரிவதிலேயே ஒரே முகம் இரண்டு ஆளாகிறது. பின்னர் வந்த ‘கிங் காங்’ (2005) படத்தில் செர்கிஸின் முகபாவங்களும் நேரடியாகப் பதிவாயின.