தூளியும் புகைவண்டியும்

சிவராத்திரியன்று ஆலுவாவில் பெரியாற்று மணப்புறம் முழுவதும் விழித்திருக்கும். கைக்குழந்தை மட்டும் அன்னையின் மடியில் அயர்ந்து உறங்கும். தாய் இருக்கும் இடமே குழந்தைக்கு வீடு. பிழைப்பை நாடிக் கொச்சிச் சீமைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைக் கூறுவோர் வேலை, வாணிகம், கோயில், சங்கம் ஆகியவற்றையே கூறுவர். அந்நெடுவழியில் நம் தாய்மார் பச்சிளங் குழந்தைகளை எங்ஙனம் உறங்கவைத்தனர் என்பதை எழுதிவைத்தோர் அரியர். புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான், அறிந்த அளவில் அதனை ஈண்டுக் கூற விழைகிறேன்.

ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் வரை 1902ஆம் ஆண்டில் வண்டி ஓடத் தொடங்கிற்று. அது கொச்சி மன்னரின் பாதை. திரிப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று மன்னர் இராமவர்மா அதற்குப் பொருள் திரட்டிய செய்தி இங்கு யாவரும் அறிந்ததே. ஆலுவா அன்று திருவாங்கூர் மண். ஆயினும் கொச்சியின் வண்டி அதன் வழியே சென்றது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தது அகலப் பாதை. ஷொர்ணூருக்கு இப்பால் இருந்ததோ மீட்டர் பாதை. ஆகவே அனைவரும் ஷொர்ணூரில் இறங்கி வண்டி மாறியாக வேண்டும். ஒரு கையில் மூட்டை, மறு கையில் அப்போதுதான் கண்ணயர்ந்த மகவு! மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் எர்ணாகுளத்தில் மீண்டும் படகேற வேண்டும். 1934இல் இப்பாதை அகலமாக்கப்பட்டது. பொறியாளர்க்கு அது பாதை மாற்றம். தாய்மார்க்கோ, உறங்கும் குழந்தையை எழுப்பவேண்டாத முதல் பயணம்.

நெல்லைச் சீமையார்க்கு வேறு வழி. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே பாதை இல்லாமையால் பலர் காயல் வழியே படகில் வந்தனர். கொல்லத்திற்கும் எர்ணாகுளத்திற்கும் இடையே பாதை இணைந்தது 1958இல்தான். குகைகளின் இருளிலும் ஓசையிலும் வீறிட்டழுத குழந்தை, படகின் மெல்லிய அசைவில் தானே உறங்கியிருக்கும்.

வண்டிக்குள் நிலைமை யாது? மூன்றாம் வகுப்பில் மரப்பலகையே இருக்கை. பெரியவர்க்கே படுக்க இடமின்றிப் பல்லாண்டுகள் கழிந்தன. அவ்வகுப்பு 1974இல் ஒழிந்தது. மது தண்டவதே அமைச்சராயிருந்த 1977–79 காலத்தில்தான் எளியோர் படுக்கைக்கும் மெத்தை வரத் தொடங்கிற்று. இன்றும் 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை. அதனால் தனிப் படுக்கையும் இல்லை. முழுக் கட்டணம் செலுத்தினால் பெறலாம். ஆயினும் தவழும் பிள்ளை அதில் தனியே கிடக்குமா? தாயின் படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கையை லக்னோ மெயிலில் சோதனையாகப் பொருத்தியது 2022இல். முதல் வண்டி ஓடி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரே அவ்வெண்ணம் பிறந்தது!

அதுவரை காத்திருக்க நம் தாய்மாரால் இயலுமோ? பாட்டியின் பழஞ்சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டனர். இரு பலகைகளுக்கிடையே கட்டினால் அது தூளி. மடித்து விரித்தால் படுக்கை. போர்த்தினால் வீட்டின் மணம். அத்துடன் தாலாட்டும் வந்தது. தாலாட்டுக்கோ பயணம் புதிதன்று. சேர மன்னராகிய குலசேகராழ்வார், சோழநாட்டுத் திருக்கண்ணபுரத்துப் பெருமானை இராமனாகக் கண்டு தமிழில் தாலாட்டுப் பாடினார். அவர் பிறந்த சேரநாட்டிலேயே பின்னாளில் இரயிம்மன் தம்பி, 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக மலையாளத்தில் தாலாட்டு இயற்றினார். மொழி இரண்டாயினும் தொட்டில் ஒன்றே.

நான்கு திங்கள் முதல் பதினொரு திங்கள் வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர உறக்கம் வேண்டும் என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிற்று. இரவு வண்டியில் வருவோர் அதனை மறத்தலாகாது. வழக்கமான நேரத்தில் பாலூட்டி, வழக்கமான துணியை விரித்து, வழக்கமான பாட்டைப் பாடினால், இடம் மாறியதைக் குழந்தை பெரிதாய் எண்ணாது. ஊர் சேர்ந்த பின்னும் அந்நேரங்களையே காத்தல் நன்று. உற்றார் கொஞ்சுவதற்காக உறங்கும் பிள்ளையை எழுப்புதல் வேண்டா. ஓடும் வண்டியில் தூளியை உயரக் கட்டுவது மட்டும் இன்று கைவிடத்தக்கது. வண்டி திடீரென நின்றால் ஆபத்து. கீழ்ப்படுக்கையின் உட்புறத்தில் மல்லாக்கக் கிடத்தி, முகத்தை மூடாமல், தாய் வெளிப்புறம் அமர்ந்து விழித்துக் காத்தலே நலம். அவள் கண்ணயர வேண்டின், தந்தை அவ்விடம் அமர்க.

அண்மையில் நடைமேடையில் ஓர் இளந்தாய், அழும் குழந்தையின் முன் கைப்பேசியை நீட்டினாள். அழுகை நின்றது, உறக்கம் வரவில்லை. அருகிருந்த மூதாட்டி மெல்லப் பாடத் தொடங்கினார், பிள்ளை உறங்கிற்று. தாய் கேட்டாள்: "பாட்டி, அந்தப் பாட்டை எனக்கும் சொல்லித் தாங்களேன்." நம் குடியிருப்பில் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்வர், அது நன்றே. ஆனால் அவர்கள் முதன்முதலாகக் கேட்கும் தமிழ் தாலாட்டே. அதனை அறிந்த பாட்டியர் நம்மிடையே இன்னும் உளர். அடுத்த ஆண்டு விழாவிற்குள் இல்லந்தோறும் ஒரு பாட்டையேனும் கேட்டுக் கற்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!