றிஸானாவுக்காக நாம் சொன்ன சாட்சி



ஜனவரி 9 வந்தால் சகோதரி றிஸானா நபீக்கின் அந்தப் பழைய கடவுச்சீட்டுப் படம் முகநூலில் மீண்டும் சுற்றத் தொடங்கும். அழுவோம், கோபப்படுவோம், இரண்டு நாளில் மறந்துவிடுவோம். இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லி வைப்போம்.

றிஸானா மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்தவர். வாப்பா விறகு வெட்டிப் பிழைத்தவர். பிறப்புச் சான்றிதழின்படி பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் இருந்ததோ 1982 பெப்ரவரி 2. அந்த ஆறு வருடத்தைக் கூட்டித்தான் 17 வயதுப் பிள்ளையை 2005 மே மாதம் சவூதிக்கு அனுப்பினார்கள். சுனாமி வந்து ஐந்து மாதமும் ஆகியிருக்கவில்லை.

வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. மே 22 அன்று அந்தக் குழந்தை வபாத்தானது. போத்தலில் பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் றிஸானா. கழுத்தை நெரித்தார் என்றது குற்றச்சாட்டு. பொலிஸில் ஒப்புதல் வாக்குமூலம் பெறப்பட்டது. அது வற்புறுத்தி வாங்கியது என்று பின்னர் மறுத்தார். மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, பிரேத பரிசோதனை நடக்கவில்லை, ஆரம்ப விசாரணையில் சட்டத்தரணி இருக்கவில்லை என்று அவருக்காக நின்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

2007 ஜூன் 16 அன்று தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு நிதி திரட்டி மேன்முறையீடு செய்ய உதவியது. 2010 ஒக்டோபரில் சவூதி உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ மன்னர் அப்துல்லாஹ்விடம் கருணை கேட்டார். ஆனால் கிஸாஸ் சட்டத்தில் மன்னிக்கும் உரிமை இறந்தவரின் உரித்தாளிகளுக்கே உண்டு. குழந்தையின் பெற்றோர் கடைசிவரை இணங்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நமது பாராளுமன்றம் ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டித்தது.

இந்த ஏழரை வருடத்தில் நாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? "அமைதியான பிள்ளை, வறுமையால் போன பிள்ளை, அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை." அயலவர்கள் சொன்னார்கள். உறவினர்கள் சொன்னார்கள். ரியாத்தில் இருந்த நம் நாட்டுப் பெண் வைத்தியர் ஒருவர் சிறைக்குப் போய்ப் பார்த்துவந்து அவருக்காகப் பேசினார். பிறகு நாடு முழுவதும் அதையே சொன்னது.

உமர் (ரழி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்தார். நீ அவருடைய அயலவனா, அவரோடு பயணம் போயிருக்கிறாயா, காசு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். 17 வருடம் றிஸானாவை அறிந்தவர்கள் மூதூரில் இருந்தார்கள். மூன்று வாரம்கூட அறியாத ஒரு குடும்பம் தவாத்மியில் இருந்தது. மன்னிக்கும் அதிகாரமோ அந்தக் குடும்பத்திடம் இருந்தது. அந்தத் தாயை நாம் பலவாறு ஏசினோம். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தன் பிள்ளையின் மையித்துத்தான். "எங்கள் பிள்ளை நல்லவள்" என்று கடல் தாண்டி வந்த சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? மன்னிப்பு சிறந்தது என்று மார்க்கம் ஆர்வமூட்டுகிறது. அது கேட்டுப் பெறவேண்டியது, பறித்துப் பெறுவதல்ல.

அப்படியென்றால் நம் சாட்சிக்குப் பெறுமதியே இல்லையா? இருந்தது. ஆனால் அதைச் சொல்லவேண்டிய நேரம் 2005. சொல்லவேண்டிய இடம் ரியாத் அல்ல, நம் ஊர். குணத்தைப் பற்றி நாம் எவ்வளவு சொன்னாலும் அது அபிப்பிராயம்தான். வயது அப்படியல்ல. அது பாடசாலை இடாப்பில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் இருக்கும். பக்கத்து வீட்டு உம்மாவுக்குத் தெரியும். சிறுவர் உரிமைச் சமவாயத்தில் சவூதியும் இணைந்துகொண்ட நாடுதான். 18 வயதுக்கு உட்பட்டவரின் குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அது சொல்கிறது. றிஸானாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய உண்மை அவரது வயது. அந்த உண்மையைத்தான் நம் நாட்டிலேயே அழித்து எழுதி அனுப்பினார்கள். பின்னர் முகவர்கள் இருவரைக் கொழும்பு நீதிமன்றம் தண்டித்தது. 2013 இல் சவூதிக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களின் ஆகக்குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. எல்லாம் பிந்தி வந்தவை.

ஆசிரியர்களாகிய நம்மிலும் குறை இருக்கிறது. ஒரு பிள்ளை இரண்டு கிழமை வராவிட்டால் கேட்போம். "வெளிநாடு போய்ட்டா சேர்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். இடாப்பில் பெயரை வெட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவோம். வயது என்ன, யார் அனுப்பினார், எந்தப் பத்திரத்தில் போனாள் என்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

இனி நம் ஊரில் ஒரு பிள்ளையின் பிறந்த திகதியை மாற்ற யாராவது வந்தால், அந்த இடத்தில் வாயைத் திறப்போம். அதிபரோ, கிராம சேவகரோ, பள்ளி நிர்வாகமோ, அயலவரோ, யாராக இருந்தாலும் சரி. மரண தண்டனைக்குப் பிறகு சொல்லும் நற்சான்றைவிட அந்த ஒரு வார்த்தைக்குப் பெறுமதி அதிகம்.

யா அல்லாஹ், சகோதரி றிஸானாவையும், நான்கு மாதத்தில் போன அந்தக் குழந்தையையும் பொருந்திக்கொள்வாயாக. பிள்ளையை இழந்த இரண்டு தாய்மாருக்கும் பொறுமையைக் கொடுப்பாயாக. ஆமீன்.