குருத்தணுவும் அறத்தின் எல்லையும்

வெட்ட வெட்டத் தழைக்கும் வாழையின் குருத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மனித உடலுக்குள்ளும் அத்தகைய குருத்து உண்டு என்பதை 20ஆம் நூற்றாண்டின் அறிவியலே நிறுவிற்று. 1961ஆம் ஆண்டில், கனடா நாட்டு அறிஞர்களான ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் இருவரும், இரத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் குருத்தணுக்கள் எலிகளின் எலும்பு மச்சையில் இருப்பதைக் காட்டினர். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையோ இரத்தப் புற்றுநோயாளர் பலருக்கு மறுவாழ்வு அளித்தது. அதன் முன்னோடியான டானல் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வரலாற்றில் நம் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. இலங்கையில் பிறந்த அரிஃப் போங்சோ, 1994இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில், சில நாள் வளர்ந்த மனிதக் கருவின் உள்ளணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். ஆயினும் அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் அவற்றை நிலையாக வளர்ப்பதில் வெற்றி கண்டார்.

இங்கேதான் அறத்தின் வினா எழுந்தது. அவ்வணுக்களை எடுத்தால் கரு அழிகிறது. நோயுற்றோரைக் காக்க, பிறவாத ஒன்றை அழிக்கலாமா? கருவும் உயிரே என்பார் ஒருபுறம். துன்புறுவோரைக் கைவிடுதல் தகுமோ என்பார் மறுபுறம். பல சமயத்தார் வாழும் சிங்கப்பூரில், உயிரியல் அறநெறி ஆலோசனைக் குழு சமய அமைப்புகளின் கருத்துகளையும் கேட்டறிந்து 2002இல் அறிக்கை அளித்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் மனிதப் படியாக்கத்தைத் தடைசெய்தது. உடலுக்கு வெளியே கருவை 14 நாளுக்கு மேல் வளர்த்தலையும் விலக்கிற்று.

எல்லை மீறினால் விளைவது யாது என்பதற்குத் தென்கொரியாவே சான்று. படியாக்கக் கருவிலிருந்து குருத்தணு பெற்றதாக ஹுவாங் வூ-சுக் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யெனத் தெளிந்து, 2006இல் திரும்பப் பெறப்பட்டன. அவர்தம் ஆய்வுக்கூடப் பெண்களே கருமுட்டை அளித்திருந்தனர் என்பதும் வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானியர் ஷின்யா யாமனாக்கா, எலியின் முதிர்ந்த அணுக்களையே குருத்தணுவின் நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டில் மனித அணுவிலும் அதனைச் சாதித்தார். கருவை அழியாமலே செல்லும் வழி திறந்தது.

எனினும் அறத்தின் வினா ஓய்ந்தபாடில்லை. மெய்ப்பிக்கப்படாத சிகிச்சையை நோயாளியின் ஆசையைக் காட்டி விலை பேசுவோர் இன்றும் உளர். அன்று கருவின்பால் காட்டிய அக்கறையை, இன்று நம்பிக்கையோடு வாயிலில் நிற்கும் நோயாளியின்பாலும் காட்டுதல் வேண்டும். அறிவியல் ஆக்கம் தரும். அதற்கு எல்லை வகுப்பது அறமே.