பக்கம் பெருத்த கதை

கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட் என்பதும் கணினி படித்தவர்களுக்குப் பாலபாடம். அந்த எண் எந்த வழியாக வந்து சேர்ந்தது? இயங்குதளத்தின் இதயமான கெர்னல், தன் நிரல் முழுவதற்கும் 2 மெகாபைட் பக்கத்தைப் பெற ஏன் இவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பாடப்புத்தகம் பதில் சொல்வதில்லை. பதில் தேடிப் போனால் முதலில் மான்செஸ்டரில் இறங்க வேண்டும்.

1949இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓடிய மார்க் 1 கணினிக்குத் தொலைக்காட்சிக் குழாய் போன்ற கண்ணாடிக் குழாய்தான் வேக நினைவகம். அதில் கொஞ்சம்தான் கொள்ளும். மீதியெல்லாம் சுழலும் காந்த உருளையில் கிடக்கும். உருளையிலிருந்து எதை எப்போது குழாய்க்குக் கொண்டுவருவது என்பதை நிரல் எழுதுபவரே கணக்குப் பார்த்து எழுத வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு இந்த வேலையை இயந்திரத்தின் தலையிலேயே கட்டியது. 1962 டிசம்பர் 7 அன்று இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் வேக நினைவகம் 16,384 சொற்கள். உருளைகளில் 98,304 சொற்கள். ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள் என்று வைத்தால் வேக நினைவகத்தில் 32 பக்கங்கள் வரும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்ட 32 பதிவகங்கள். கேட்ட பக்கம் இல்லையென்றால் இயந்திரம் நிரலை நிறுத்தி, உருளையிலிருந்து பக்கத்தை எடுத்து வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் ஒரே பெரிய நினைவகம் என்று நம்பியே நிரலாளர் எழுதலாம். இதே யோசனையை பெர்லின் தொழில்நுட்பப் பல்கலையில் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் என்ற ஆய்வாளர் 1956ஆம் ஆண்டிலேயே தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியிருந்தார்.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் பக்கத்துக்கு வியாபாரிகள் கிடைத்தார்கள். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360இல் இந்த வசதி இல்லை. மல்டிக்ஸ் இயங்குதளத்தைக் கட்டப் புறப்பட்ட எம்ஐடி, ஐபிஎம்மை விட்டுவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் போனது. பதறிய ஐபிஎம் மாடல் 67 என்ற தனி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் பக்கம் 4,096 பைட். 360இன் கட்டளைகளில் முகவரியின் கடைசித் துண்டுக்கு 12 பிட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 12 பிட்டில் எண்ணக்கூடியதும் அதே 4,096தான்.

இத்தனைக்குப் பிறகும் 1970இல் வந்த சிஸ்டம்/370இன் முதல் மாடல்களில் பக்க வசதியைச் சேர்க்கவில்லை. 1972 ஆகஸ்டில் ஐபிஎம் மனம் மாறி அறிவித்தபோது, மாடல் 155 வாங்கியவர்கள் அதைப் பெற 2 லட்சம் டாலர் கொடுத்துத் தனிப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது. மாடல் 165 என்றால் 4 லட்சம் டாலர். 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்து சேர்ந்த புகழ்பெற்ற கணினி இந்த 370/155 வரிசையைச் சேர்ந்ததுதான்.

ஐபிஎம்மின் வடிவமைப்பு எல்லை தாண்டியும் பரவியது: சோவியத் நாடும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் 360, 370 கணினிகளைப் பார்த்து 'இஎஸ்' வரிசையை உருவாக்கின. இன்டெல் 1985இல் 80386ஐ வெளியிட்டபோது அதுவும் 4,096ஐயே எடுத்துக்கொண்டது. கணக்கு அழகாகவும் பொருந்தியது. 32 பிட் முகவரியில் கடைசி 12 பிட் பக்கத்துக்குள் இடம் காட்டும். மிச்சமுள்ள 20 பிட்டை 10, 10 எனப் பிரித்தால் இரண்டு அடுக்கு அட்டவணை. ஒவ்வொரு அட்டவணையிலும் 1,024 வரிகள், வரிக்கு 4 பைட். ஆக, ஓர் அட்டவணையும் சரியாக ஒரு பக்கத்தில் அடங்கும்.

ஆனால் நினைவகம் பெருகப் பெருக இந்தச் சிறு பக்கம் சுமையானது. ஒவ்வொரு முகவரிக்கும் அட்டவணையைப் புரட்டினால் வேகம் செத்துவிடும். அதனால் பிராசசர் அண்மையில் பார்த்த வரிகளைத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு டிஎல்பி என்று பெயர். தாலுகா அலுவலகப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டாமல் சட்டைப்பையில் துண்டுச்சீட்டு வைத்திருப்பது போல. ஆனால் பையில் கொள்ளும் சீட்டுகள் கொஞ்சமே. 64 சீட்டுகள் என்றால் 4 கிலோபைட் பக்கங்களில் 256 கிலோபைட்டுக்கு மேல் எட்டாது. பக்கம் 2 மெகாபைட்டானால் அதே 64 சீட்டுகள் 128 மெகாபைட்டை ஆளும்.

பெரிய பக்கத்தை உண்டாக்க 386 பாணி அட்டவணையில் ஓர் அடுக்கைத் தாண்டினாலே போதும். 4 மெகாபைட் பக்கம் கிடைத்துவிடும். 1993இல் வந்த பென்டியத்தில் இன்டெல் இதைச் செய்தது. செய்ததை மறைத்தும் வைத்தது. கையேட்டின் பிற்சேர்க்கை எச், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும்! ஆர்வலர்கள் சில்லைத் தோண்டித் துருவி விவரத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அடுத்து வந்த பென்டியம் புரோவின் கையேட்டில் இன்டெல்லே அதை வெளிப்படையாக எழுதியது. முகவரி நீண்டு, அட்டவணை வரி 8 பைட்டானதும் அடுக்குக்கு 512 வரிகள் என்றாகி, பெரிய பக்கம் 2 மெகாபைட்டில் நின்றது.

இதற்கிடையே பக்கத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று வந்து சேர்ந்தது: காவல். 1988 நவம்பரில் கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய புழு இணையத்தில் பல கணினிகளை முடக்கியது. ஃபிங்கர் என்ற சேவைக்கு அளவு மீறிய தரவை அனுப்பி, தரவு கிடக்க வேண்டிய இடத்தில் கட்டளைகளைப் புகுத்தி ஓட வைத்தது அதன் வழிகளில் ஒன்று. இந்தத் தாக்குதல் பலித்தது வாக்ஸ் என்ற வகைக் கணினிகளில். வாக்ஸின் பக்க அட்டவணையில் 'படிக்கலாம்', 'எழுதலாம்' உண்டு. 'இயக்கக் கூடாது' கிடையாது. 386 பக்கங்களுக்கும் அதே குறை. மல்டிக்ஸில் இயக்க அனுமதி தனியாகவே இருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மலிவான கணினிகள் பெருகிய வேகத்தில் ஒரு நல்ல பாடம் மறந்துபோனது.

மீட்டெடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது, 2000இல் லினக்ஸுக்கு வந்த பாக்ஸ் என்ற ஒட்டுநிரலை. பென்டியத்தில் கட்டளைக்கு ஒரு டிஎல்பி, தரவுக்கு ஒரு டிஎல்பி. இரண்டிலும் வேறு வேறு சேதி இருக்கும்படி செய்து, வன்பொருளில் இல்லாத தடையை அதை எழுதியவர்கள் உண்டாக்கினார்கள். நான் படித்த கெர்னல் உத்திகளில் இதற்கு ஈடு குறைவு. 2003 மே மாதம் வெளியான ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 3.3 பதிப்பு, எழுதக்கூடிய பக்கத்தை இயக்கக் கூடாது என்பதை விதியாகவே ஆக்கியது. அதே ஆண்டு ஏஎம்டி தன் ஆப்டரான் பிராசசரில் அட்டவணை வரியின் 63ஆம் பிட்டை இதற்கென ஒதுக்கியது. அடுத்த ஆண்டே இன்டெல் ஏஎம்டியின் 64 பிட் வடிவத்தையும் அந்தத் தடைப் பிட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

இங்கேதான் இரண்டு வேலைகளும் மோதின. வேகம் பெரிய பக்கத்தைக் கேட்கிறது. காவல் சின்னப் பக்கத்தைக் கேட்கிறது. அனுமதி பக்கத்துக்கு ஒன்றுதான். 2 மெகாபைட் பக்கத்தில் 4 கிலோபைட்டுக்கு மட்டும் அனுமதியை மாற்ற வேண்டுமென்றால், முழுப்பக்கத்தையும் 512 துண்டுகளாக உடைக்க வேண்டும். உடைப்பது எளிது, திரும்ப ஒட்டுவது கடினம். லினக்ஸ் கெர்னலின் மைய நிரல் பெரிய பக்கத்தில் வசதியாக இருந்தது. ஓடும்போது வந்து சேரும் மாட்யூல்களும் கண்காணிப்புத் துணுக்குகளும் 4 கிலோபைட் பக்கங்களில் சிதறிக் கிடந்தன.

2019 நவம்பரில் வன்பொருளே இடறியது. ஒரு பக்கத்தின் அளவை மாற்றிவிட்டு டிஎல்பியைத் துடைக்காமல் விட்டால், இன்டெல் பிராசசர்கள் பலவற்றில் கட்டளை தேடும்போது இரண்டு சீட்டுகள் அகப்பட்டு இயந்திரமே உறைந்துவிடும் என்று தெரியவந்தது. மேகக் கணினியில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் மொத்தச் சர்வரையும் நிறுத்திவிடலாம். மெய்நிகர் கணினிகளை நடத்தும் கேவிஎம் எடுத்த முடிவு: மெய்நிகர் கணினிக்குப் பெரிய பக்கம் உண்டு, ஆனால் அதில் நிரல் ஓட்டினால் 4 கிலோபைட்டாக உடைப்போம்.

கெர்னலுக்குள் தீர்வு வந்த வழி சுவையானது. 1992இல் பெர்க்லி ஆய்வகத்தில் வலைப் பொட்டலங்களை வடிகட்டப் பிறந்த பிபிஎஃப், லினக்ஸில் பெரும் கருவியாக வளர்ந்தது. அதன் சில நூறு பைட் நிரலுக்கும் ஒரு முழுப்பக்கம் செலவானது. 2022இல் வந்த 5.18 பதிப்பு ஒரு கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கியது. பெரிய இடமொன்றை எடுத்து, செல்லாத கட்டளைகளால் நிரப்பி, படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதித்துப் பூட்டிவிடுவது. பிறகு 64 பைட் துண்டுகளாக நிரல்களுக்குப் பங்கிடுவது. எழுத வேண்டியதை வேறொரு தற்காலிக முகவரி வழியாக எழுதினால் பூட்டைத் திறக்கவே வேண்டாம். கெர்னலில் நிரலுக்கு இடம் தேவைப்பட்ட பகுதிகள் எல்லாம் மாட்யூலுக்கான ஒதுக்கீட்டுக் கருவியை இரவல் வாங்கிவந்தன. 2024இல் 6.10 பதிப்பு 'எக்ஸெக்மெம்' என்ற பொதுக்கருவியைத் தந்தது. மாட்யூல்களையும் பெரிய பக்கத்தில் வைக்கும் வசதி 6.13இல் சேர்ந்து, கோளாறுகளால் வெளியீட்டுத் தறுவாயில் அணைக்கப்பட்டு, சீர்செய்தபின் திரும்பியது.

சின்னப் பக்கமும் இப்போது நகரத் தொடங்கிவிட்டது. ஆப்பிளின் எம்1 கணினிகளில் அடிப்படைப் பக்கமே 16 கிலோபைட். ஆண்ட்ராய்டும் 15ஆம் பதிப்பு முதல் அந்த அளவை ஏற்கிறது. சி, சி++ நூலகங்களைச் சேர்த்து ஆப் தயாரிப்பவர்கள் 4,096 என்ற எண் எங்கேனும் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடி நீக்கி, 16 கிலோபைட்டுக்கு மறுபடி கட்டிச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.