பூம்பாறைக்கு வந்த போலீஸ்காரர்

1969-ஆம் வருடம் கார்த்திகை மாதம் ஒரு நாள், கொடைக்கானலிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் எங்கள் ஊரான பூம்பாறையில் இறங்கினார். டீக்கடையில் நின்று என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, "இந்தப் பையன் ஆள் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஊர் முழுவதும் செய்தி பரவிவிட்டது. பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் என் தம்பி மதுரைக்கு வந்து நின்றான். "அண்ணே, என்ன செஞ்சீங்க? வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சு. அம்மா சாப்பிடவே இல்லை."

நான் ஒன்றும் செய்யவில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்தது போலீஸ் வெரிஃபிகேஷன். எங்கள் ஊரில் அதுவரை மத்திய அரசு வேலைக்குப் போனவர்கள் இல்லாததால் யாருக்கும் அது தெரியவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்காக அந்தக் கால நடைமுறையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985-ல்தான். எனவே எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிய மதுரைக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ல் தொடங்கப்பட்டவை அந்த அலுவலகங்கள். காலியிடங்களை அங்கே தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்த பிறகுதான் எங்களைப் போன்ற மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இண்டர்வியூ கார்டு வர ஆரம்பித்தது.

மாநில அரசு வேலைக்கு வேறு வழி. அதில் நம் மாகாணம் முன்னோடி. இந்திய மாகாணங்களில் முதன்முதலாகப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது சென்னையில், 1929-ல். அதுவே 1970-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆனது. ஆள் பிடித்து, சிபாரிசு பிடித்து வாங்கிய வேலையை, பரீட்சை எழுதி வாங்கும் வேலையாக மாற்றிய பெருமை அதற்கு உண்டு.

ஆனால் எந்த வழியில் போனாலும் இரண்டாவதாக ஒரு வாசல் இருந்தது. அதுதான் அட்டெஸ்டேஷன் ஃபாரம். பிறந்த ஊர், படித்த பள்ளி, தங்கிய விலாசம் எல்லாம் எழுதி வரும்போது ஒரு கேள்வி நிற்கும்: "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? காவலில் வைக்கப்பட்டிருக்கிறீர்களா?" தகவலை மறைத்தால் வேலை போகும் என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

அந்தக் கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. 1965 ஜனவரியில் நான் மதுரையில் கல்லூரி மாணவன். 26-ஆம் தேதி முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம் இருந்தது. 25-ஆம் தேதி மதுரையில் மூண்ட கலவரம் மாநிலம் முழுவதும் பரவியது. அடுத்து வந்த நாட்களில், கோஷம் போட்டுக்கொண்டு போன எங்களில் முப்பது பேரை லாரியில் ஏற்றினார்கள். பெயர், ஊர் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. அது கைதா, இல்லையா?

ஊருக்குப் போய் எங்கள் கிராம முன்சீப்பிடம் கேட்டேன். (கிராம முன்சீப் பதவியை 1980-ல் ஒழித்துவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள்தான் வி.ஏ.ஓ.க்கள்.) அவர் சொன்னது: "தம்பி, உன் பெயர் அங்கே ஒரு நோட்டில் இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதிடு. சொன்னவனை மன்னிப்பான், மறைச்சவனை மன்னிக்க மாட்டான்." அப்படியே எழுதினேன்.

அதே லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் பண்ணைக்காட்டு நண்பன் ஒருவன். அவனுக்கும் அதே சமயத்தில் வேறொரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. "டேய், அதையெல்லாம் எழுதணுமா? சாயங்காலமே விட்டுட்டாங்களே, அது என்ன அரெஸ்ட்டு?" என்றான். "உன் இஷ்டம்டா" என்றேன். முன்சீப் சொன்னதை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. அவன் "இல்லை" என்று எழுதினான்.

வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் போராட்டத்தின் அலையில்தான் 1967-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார். தெருவில் கோஷம் போட்டவர்கள் கோட்டைக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷன் நோட்டில் இருந்த பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஏழு மாதத்தில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. தற்காலிக ஊழியரை ஒரு மாத நோட்டீஸில், காரணம் சொல்லாமலே நீக்க 1965-ஆம் வருட விதிகளில் இடம் இருந்தது. கடிதத்தில் போலீஸ் என்ற சொல்லே இல்லை. அவன் பண்ணைக்காட்டுக்குத் திரும்பிக் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான்.

நானும் முழுதாகத் தப்பவில்லை. என் ரிப்போர்ட் மேசை மேசையாகச் சுற்றியதில், உடன் சேர்ந்தவர்களைவிட ஒன்றரை வருடம் பிந்தித்தான் நான் நிரந்தரம் ஆனேன். அதனால் என்ன என்று கேட்பீர்கள். மத்திய அரசின் 1959-ஆம் வருட விதிப்படி, தேர்வில் முன்னால் இருந்தாலும் கன்ஃபர்மேஷன் வரிசைப்படிதான் சீனியாரிட்டி. எனக்குப் பின்னால் இருந்த நான்கு பேர் எனக்கு முன்பே யு.டி.சி. ஆனார்கள். அந்த விதியை 1992-ல்தான் மாற்றினார்கள்.

இந்தச் சந்தேகப் பார்வை நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் அதிபர் ட்ரூமன் 1947-லேயே அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையைப் போட்டார். இங்கே 1949-ல் ரயில்வேயில் தேசப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அவற்றின்கீழ் வேலை இழந்த பாலகோட்டையா என்ற ஊழியரின் வழக்கில், அரசு வேலையில் நீடிப்பது அடிப்படை உரிமை அல்ல என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காற்று திரும்பியது 1983-ல். மத்தியப் பிரதேசத்தில் ரகுவம்சி என்ற ஆசிரியர், முன்பு ஓர் அரசியல் கட்சியின் நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்ற போலீஸ் அறிக்கையால் வேலை இழந்தார். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கத்தை ஏற்கவில்லை. வேலைக்கு வருபவனின் அரசியல் நம்பிக்கையைப் போலீஸிடம் கேட்பதே அடிப்படை உரிமைகளின் வேரை வெட்டுவது என்ற கருத்தில் எழுதினார்.

பிறகு 2016-ல் அவதார் சிங் வழக்கு. உண்மையை எழுதியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறைத்தவனையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது, விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும் என்றது. அற்பமான விஷயங்களை மன்னிக்கலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பு தந்த உதாரணம் என்ன தெரியுமா? இளம் வயதில் கோஷம் போட்டது.

அதைப் படித்த அன்று பண்ணைக்காட்டுக்காரனை நினைத்துக்கொண்டேன். அவன் காலமாகி அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. என் மேல் அவனுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பை காபிக்கொட்டை கொடுத்தனுப்புவான்.

போன மாதம் என் பேரன் அதே ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். கல்லூரியில் ஏதோ ஸ்டிரைக்கில் பெயர் எழுதிக்கொண்டு விட்டார்களாம். "தாத்தா, இதை எழுதணுமா?" என்றான். இந்தத் தடவை "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததைத் தேதியோடு எழுதச் சொன்னேன். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னேன். ஊருக்கும் போன் செய்து, போலீஸ்காரர் வருவார், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.